மகன் கேட்பது ஆறு அங்குலம். பாதை கேட்பது எவ்வளவு?

பட்டறைப் பக்கம்



இந்த மாதம் வந்த மடல்களில் ஒன்றை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் ஒரு தாயார். பெஸ்தாரி ஜெயா பக்கம், அதாவது நம் வாயில் இன்னும் 'பத்தாங் பெர்ஜுந்தை' என்றே வரும் ஊர்ப் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர். ஊர் பேர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை.

அவருடைய மகன் பழைய ஃபோர்வீல் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறான். வாரத்தில் ஆறு நாள் தோட்டத்துக்குள் உரமும் ஆயுதச் சாமானும் குலையும் ஏற்றுகிறான். ஏழாம் நாள் அதே வண்டியில்தான் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறார்கள். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் வண்டி வயிறு தட்டி நின்றுவிடுகிறதாம். ஆகவே ஸ்பிரிங்கை மாற்றி ஆறு அங்குலம் தூக்கப் போகிறேன் என்கிறான் மகன். பணம் எங்கிருந்து? அம்மா 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தில் மிச்சம் இருப்பது.

"அண்ணா, காசு போனால் போகட்டும். இப்போதே அந்த வண்டியில் ஏற எனக்கு ஒரு கை வேண்டும். ஆறு அங்குலம் தூக்கினால் ஏணி வேண்டும். அது கிடக்கட்டும். வண்டி கவிழாதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்காத கேள்வி. அவர்கள் "எவ்வளவு தூக்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். "எதற்காகத் தூக்க வேண்டும்?" என்று கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வேலையைப் பார்ப்போம்.

படத்தில் பார்த்த வண்டியும் பாதையில் ஓடும் வண்டியும்

நம் தோட்டங்களுக்கு லேண்ட் ரோவர் புதிதல்ல. 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் முதலாக நிறுத்தப்பட்ட வண்டி அது. சில ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் துரைமார் கையில் வந்துவிட்டது. கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் கிழட்டு லேண்ட் ரோவர்களை இன்றும் பார்க்கலாம். அவற்றில் எத்தனையோ வண்டிகள் கம்பெனி கொடுத்த உயரத்திலேயே, பட்டை ஸ்பிரிங்கோடு, ஆயுள் முழுக்கச் சேற்றில் ஓடியவை. சிறு வயதில் எங்கள் தோட்டத்து டிரைவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மோசமான இடம் வந்தால் வண்டியை நிறுத்துவார். இறங்கி, கைத்தடியோடு முன்னால் நடந்து பார்ப்பார். பிறகுதான் ஏறி ஓட்டுவார். ஆழம் அறியாமல் காலை விடாதே என்ற பழமொழியை அவர் சக்கரத்துக்கும் சேர்த்துப் படித்திருந்தார்.

நம் பிள்ளைகள் பார்த்து ஆசைப்படும் வண்டிகள் வேறு. 1985இல் போர்னியோவிலும் 1993இல் சபாவிலும் நடந்த 'கேமல் டிராஃபி' ஓட்டம், 1997 முதல் நம் நாட்டுக் காடுகளில் நடத்தப்பட்டு வரும் 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போட்டி ஆகியவற்றின் படங்களைப் பார்க்கிறார்கள். போட்டிக் காட்டில் இறங்கும் வண்டிக்கு இரும்புக் கூண்டு இருக்கிறது, இழுவைச் சங்கிலி இருக்கிறது, உள்ளே இருப்பவன் வாரால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறான், காட்டுக்குள் நடை வேகத்தில்தான் ஊர்கிறான். அந்த வண்டியில் பாட்டி உட்கார்ந்து பால்குடம் பிடித்துக்கொண்டு பத்துமலைக்கு வருவதில்லை.

உயரம் எங்கே கிடைக்கிறது?

இதுதான் பலருக்கும் தெரியாத இடம். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

வண்டியின் அடியில் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே குறுக்காக ஒரு அச்சுக் குழாய் ஓடும். நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை தொங்கும். அதுதான் டிஃப்ரன்ஷியல். பழைய வண்டிகள் சிலவற்றில் முன்பக்கமும் அப்படியே இருக்கும். சேற்றுத் தடத்தில் நடுமேட்டில் முதலில் முட்டுவது பெரும்பாலும் இந்த உருண்டைதான்.

இந்த அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் உயர்த்தினாலும், ஆறு அங்குலம் உயர்த்தினாலும், உயர்வது சேசிஸும் பெட்டியும் மட்டுமே. உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு நூல் கூட உயராது.

உருண்டையை உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதுவும் பாதிக் கணக்கு. 29 அங்குல உயர டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால், கூடியது இரண்டு அங்குலம். உருண்டைக்குக் கிடைப்பது ஓர் அங்குலம். சக்கரத்தின் நடுவிலிருந்து தரைக்கு உள்ள தூரம்தானே கணக்கு!

அப்படியானால் ஸ்பிரிங்கை உயர்த்துவது எதற்கு? மூன்று காரியத்துக்கு. ஒன்று, பெரிய டயர் சக்கரக் குடையில் உரசாமல் இருக்க இடம் கிடைக்கும். இரண்டு, வண்டி நடு வயிறு மேட்டில் தட்டாது. வாய்க்கால் கரை ஏறி இறங்கும்போது இது உதவும். மூன்று, மூக்கும் வாலும் தரையில் இடிக்காமல் சரிவில் ஏறி இறங்கலாம். இந்த மூன்றில் உங்கள் மகனுக்கு எது தேவை என்று பார்த்தால் எத்தனை அங்குலம் என்பதற்கு விடை தானாக வரும்.

ஒரு கம்பும் ஒரு சுண்ணாம்புக்கட்டியும்

காசு செலவழிக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யச் சொல்லுங்கள்.

நேரான கம்பு ஒன்று எடுத்து வண்டியின் பக்கத்தில் நிறுத்தி, உருண்டையின் அடிமட்டத்தில் ஒரு கோடு, சேசிஸின் அடிமட்டத்தில் இன்னொரு கோடு போட வேண்டும். பிறகு வழக்கமாக வண்டி நிற்கும் இடங்களுக்கு நடந்து போய், சக்கரத் தடத்துக்குள் கம்பை ஊன்றி, நடுமேடு எந்தக் கோட்டுக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நடுமேடு முதல் கோட்டைத் தாண்டினால், அங்கே வண்டியை நிறுத்துவது உருண்டை. அதற்கு ஸ்பிரிங் மருந்தல்ல. தடத்தை விட்டு, ஒரு சக்கரம் நடுமேட்டிலும் மறு சக்கரம் ஓரத்திலும் வைத்து ஓட்டினால் பாதித் தொல்லை தீரும். ஓரம் உறுதியானதா என்று முதலில் கால் வைத்துப் பார்க்க வேண்டும். வாய்க்கால் ஓரமானால் வேண்டாம். மீதிக்குக் கல்லோ வெட்டிப் போட்ட மட்டையோ தடத்தில் நிரப்பலாம். அரை நாள் வேலை. சேமநிதியைத் தொட வேண்டியதில்லை.

மேடான வரப்பையோ வாய்க்கால் கரையையோ தாண்டும்போது சேசிஸ்தான் தட்டுகிறது என்றால், அங்கே ஸ்பிரிங் உதவும். எத்தனை அங்குலம் தட்டுகிறதோ அத்தனைதான் தேவை. ஓர் அங்குலம் தட்டுகிற இடத்துக்கு ஆறு அங்குலம் எதற்கு?

இழந்த உயரமா, புது உயரமா?

இன்னொரு சங்கதி. பழைய வண்டியில் பட்டை ஸ்பிரிங் வருஷக்கணக்காகக் குலை சுமந்து தட்டையாகிப் போயிருக்கும். என் பட்டறைக்கு வந்த பழைய பிக்கப்புகளில் பின்பக்கம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இறங்கிக் கிடந்தவை ஏராளம். ஒரு பக்கம் மட்டும் இறங்கி, முடவன் மாதிரி நிற்கும் வண்டியும் உண்டு.

சிமெண்டுத் தரையில், சுமை இல்லாமல், எண்ணெய் நிரப்பி, வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் நட்டநடுப் புள்ளியிலிருந்து மேலே சக்கரக் குடையின் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். அதே மாடலில், ஸ்பிரிங் கெடாத வண்டி ஒன்றின் அளவோடு ஒப்பிடுங்கள். குறைகிறதா? அப்படியானால் உங்கள் வண்டிக்கு வேண்டியது உயர்த்துவது அல்ல. இழந்ததைத் திரும்பப் பெறுவது. புதுப் பட்டை, புது புஷ், புது அப்சார்பர். சொந்த உயரம் வந்தவுடன் பாதிப் பேர் "இது போதும் அண்ணே" என்று போய்விடுகிறார்கள்.

சுமை ஏற்றியும் அளந்து பார்க்க வேண்டும். அன்றாடம் ஏற்றும் பாரம் எவ்வளவு என்று சொல்லித்தான் ஸ்பிரிங் வாங்க வேண்டும். பாரத்துக்கு மிஞ்சிக் கனத்த பட்டை போட்டால், வெறும் வண்டியாக ஓடும்போது கட்டை வண்டி போலக் குதிக்கும். அலை அலையாக இருக்கும் செம்மண் பாதையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரம் பிரேக்குக்கும் கட்டுப்படாது, ஸ்டீரிங்குக்கும் கட்டுப்படாது.

கவிழுமா?

இப்போது, சகோதரி, உங்கள் கேள்வி.

வண்டி கவிழ்வதும் கவிழாததும் இரண்டு அளவைப் பொறுத்தது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள அகலம் ஒன்று; வண்டியின் எடை நடு, அதாவது பாரம் எல்லாம் கூடி நிற்கிற புள்ளி, தரையிலிருந்து இருக்கிற உயரம் மற்றொன்று. அகலத்தில் பாதியை அந்த உயரத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் பெரிதாக இருக்க இருக்க நல்லது.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுப்போம். சக்கர அகலம் 60 அங்குலம், பாதி 30. எடை நடு 28 அங்குல உயரத்தில். 30ஐ 28ஆல் வகுத்தால் 1.07. இது கம்பெனி உயரம்.

இரண்டு அங்குலம் தூக்கினால் எடை நடு ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம் ஏறும்; அச்சும் சக்கரமும் உயர்வதில்லையே. எண் 1.01 ஆகும்.

ஆறு அங்குலம் தூக்கினால் எடை நடு ஐந்து அங்குலம் ஏறி 33 ஆகும். எண் 0.91. பெரிய டயரும் போட்டால் இன்னும் ஓர் அங்குலம், 0.88.

இந்த எண்ணுக்கு என்ன பொருள்? உலர்ந்த தார்ச் சாலையில் டயரின் பிடி ஏறக்குறைய 0.8, 0.9 என்று வைத்துக்கொள்ளலாம். நம் எண் அந்தப் பிடியை விட நன்றாகப் பெரிதாக இருந்தால், வேகமாக வளைக்கும்போது சக்கரம் முதலில் வழுக்கும், வண்டி கவிழாது. நம் எண் பிடிக்குச் சமமாக இறங்கிவிட்டால், வழுக்குவதற்கு முன்பே உள்பக்கச் சக்கரம் தூக்கும். நான் போட்டது அசையாத வண்டியின் கணக்கு. ஓடும் வண்டி வளைவில் ஸ்பிரிங் மேல் சாயும். மேலே குலையும் ஆளும் இருந்தால் எடை நடு இன்னும் ஏறும். ஆகவே உண்மையில் ஆபத்து இந்தக் கணக்கை விடச் சீக்கிரம் வரும்.

இதை வெறும் ஏட்டுக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென்று மான் குறுக்கிட்டால் விலகுவது போன்ற சோதனையை டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிக்கு நடத்தியது. யாரும் தூக்காத, கம்பெனி உயரத்து வண்டி. சுமையோடு ஓட்டியபோது ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. பிறகு கம்பெனி, கவிழாமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டைத் திருத்தியது. அடுத்த ஆண்டு சோதனையில் வண்டி தேறியது. அதிலிருந்து தெரிவது இதுதான்: பிக்கப் பிறவியிலேயே உயரமான வண்டி. அதற்கு மேலும் உயரம் கொடுக்கும்போது ஒவ்வோர் அங்குலமும் கடன். புது வண்டிகளில் அந்த மின்னணுக் கட்டுப்பாடு கம்பெனி உயரத்துக்காகக் கணக்கிடப்பட்டது. பழைய வண்டிகள் பலவற்றில் அதுவும் கிடையாது.

இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால்

உயரம் கூடக் கூட, மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும்.

பிரேக் குழாய்: அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே தொங்கும் ரப்பர்க் குழாய், சக்கரம் பள்ளத்தில் முழுக்கத் தொங்கும்போது இழுபட்டுக் கிழியும். நீளமான குழாய் போட்டே ஆக வேண்டும்.

பின் பிரேக் வால்வு: பல பிக்கப்புகளில் பின் அச்சோடு ஒரு கம்பி இணைந்திருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுவது இதன் வேலை. வண்டியைத் தூக்கிவிட்டு இந்தக் கம்பியைச் சரி செய்யாவிட்டால், முழுச் சுமையிலும் அது "வண்டி காலி" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டறைகள் அதிகம் மறப்பது இதைத்தான். மகன் மறக்காமல் கேட்கட்டும்.

புரப்பெல்லர் ஷாஃப்ட்: சாய்வு கூடும். முதலில் நடுக்கம், பிறகு சத்தம், பிறகு யுனிவர்சல் ஜாயிண்ட் போகும்.

ஸ்டீரிங்: முன் சக்கரத்தின் சாய்கோணம் மாறும். கையை விட்டால் நேரே வர வேண்டிய வண்டி அலைபாயும். உயர்த்தியபின் அலைன்மெண்ட் பார்க்காமல் நெடுஞ்சாலை ஏறக் கூடாது.

முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்பு உள்ள வண்டிகளில் சிலர் முறுக்குக் கம்பியைத் திருகி, காசில்லாமல் உயர்த்துவார்கள். வண்டி உயரும், ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சம் இருந்த தூரம் போய்விடும். முன் ஷாஃப்ட் ரப்பர் கிழியும். இலவசமாக வந்த உயரம் இது; பின்னால் பில் வரும்.

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பதும் மலிவான வழி. பின் அச்சில் ஒரே கட்டையாக, சரியான யூ போல்ட்டோடு வைப்பதை ஒப்பலாம். முன் அச்சில் கூடவே கூடாது. கட்டை மேல் கட்டை எங்கும் கூடாது.

ஷாக்கிளை நீட்டுவது இன்னொன்று. இரண்டு அங்குலம் நீட்டினால் ஓர் அங்குலம்தான் உயரும். அச்சும் சற்றுச் சுழன்றுவிடும்.

டயர் பெரிதானால் வேக முள்ளும் பொய் சொல்லும். 29க்குப் பதில் 31 போட்டால், முள் 90 காட்டும்போது வண்டி 96இல் போகும். பெரிய சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குக்கும் கூடுதல் உழைப்பு.

வெள்ளத்துக்காகத் தூக்கலாமா?

2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் வெள்ளம் வந்து, தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதை நாம் மறக்க மாட்டோம். அதற்குப் பிறகு "வெள்ளத்துக்காக" வண்டியைத் தூக்குகிறவர்கள் வந்தார்கள். நின்ற தண்ணீரில் இரண்டு அங்குலம் சிறிது உதவும், உண்மைதான். ஆனால் ஓடுகிற தண்ணீர் வேறு. கதவு மட்டத்துக்கு வந்தால் வண்டி படகாகிவிடும். டயர் தரையை அழுத்தாது. எந்த ஸ்பிரிங்கும் அங்கே காப்பாற்றாது. ஓடும் வெள்ளத்துக்கு ஒரே வழி, திரும்பிப் போவதுதான்.

சட்டமும் காப்புறுதியும்

பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டறைக்காரர் "பிரச்சினை இல்லை" என்று சொல்வது அனுமதி ஆகாது. வாடகைக்குச் சுமை ஏற்றும் வண்டியானால் காலமுறைப் பரிசோதனையும் இருக்கிறது. காப்புறுதிக் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் மாட்டினால், பணம் கேட்கப் போகும் அன்று தகராறு வரலாம். அன்றைக்கு வாசலில் நிற்கப் போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

என் முடிவு

தம்பி, இது உனக்கு. அம்மா வாசித்துக் காட்டுவார்.

முதலில் கம்பால் அள. பிறகு வண்டியை அள. ஸ்பிரிங் இறங்கியிருந்தால் சொந்த உயரத்துக்குக் கொண்டு வா. நல்ல சேற்று டயர், கம்பெனி அளவிலோ அதற்கு ஒரு படி மேலோ, போடு. அதற்குப் பிறகும் வயிறு தட்டினால், முழுச் செட்டாக, பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற நீள அப்சார்பரும் சேர்த்து, இரண்டு அங்குலம். அங்கே நிறுத்திக்கொள். வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி வைத்திருப்பவனுக்கு அதற்கு மேல் வேண்டாம். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல இழுவைக் கயிறு, பிரேக் வேலை, எல்லா இருக்கைக்கும் ஒழுங்கான வார். பின்தொட்டியில் ஆளை, முக்கியமாகப் பிள்ளைகளை, ஏற்றாதே. குலையை உச்சி வரை அடுக்காதே. மயில் இறகானாலும் அளவு மிஞ்சினால் வண்டி அச்சு முறியும் என்று வள்ளுவரே சொல்லி வைத்திருக்கிறார். செம்பனைக் குலை மயில் இறகு இல்லை.

கடைசியில் சொல்கிறேன் என்ற கதை

1989ஆம் ஆண்டு. எனக்கு முறுக்கு அதிகம். பழைய லேண்ட் ரோவர் ஒன்று வாங்கி, ஷாக்கிளை நீட்டி, முன்னும் பின்னும் கட்டை வைத்து, நாலு அங்குலத்துக்கு மேல் தூக்கினேன். செய்து கொடுத்த பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். "வேண்டாம் தம்பி" என்று அவர் ஒரு முறை சொன்னார். கேட்டவன் நான். ஸ்டீரிங் கொஞ்சம் அலைந்தது. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு, உலு யாம் வழியாகப் பத்துமலைக்கு வந்துகொண்டிருந்தோம். அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு மேல் வளைவு. பின்னால் அம்மாவும் தங்கையும். முன்னால் அப்பா, மடியில் பால்குடச் செம்பு. ஒரு வளைவில் நாய் குறுக்கே வந்தது. ஸ்டீரிங்கை ஒடித்தேன். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. கம்பெனி உயரத்தில் இருந்திருந்தால் டயர் கிறீச்சிட்டு நின்றிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். வண்டி இரண்டு சக்கரத்தில் எழுந்து, மலைப்பக்கத்து வாய்க்காலில் சாய்ந்து விழுந்தது. பள்ளத்துப் பக்கம் விழாதது முருகன் செயல்.

எல்லோரும் பிழைத்தோம். அப்பாவின் வலது மணிக்கட்டு மட்டும் நொறுங்கியது. அவர் பால்மரம் வெட்டுகிறவர். உளியைப் பிடித்து, பட்டையை மெல்லிசாக இழுத்து, மரத்துக்கு வலிக்காமல் வெட்டுகிற கை அது. எலும்பு கூடியது, அந்த நுணுக்கம் கூடவில்லை. அதற்குப் பிறகு அவர் வெளிக்காட்டு வேலைக்குப் போனார், குறைந்த சம்பளத்துக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரே ஒரு நாள், நான் வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடது கையால் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலை முறையாகக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருஷம் பத்துமலை அடிவாரத்தில் பட்டறை வைத்திருந்தேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் கேட்ட குடும்பஸ்தர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும்.

சகோதரி, 272 படி ஏறித்தான் முருகனைப் பார்க்கிறோம். அந்த உயரம் போதும் நமக்கு. வண்டி தரையோடு ஒட்டி வரட்டும். தைப்பூசத்துக்கு வரும்போது மகனையும் அழைத்து வாருங்கள். பட்டறையை இப்போது என் மருமகன் பார்த்துக்கொள்கிறான். அளவுக் கம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இருவரும் சேர்ந்து அளந்து பார்ப்போம்.

அடுத்த இதழில்: மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் பிரேக்கைப் பராமரிப்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பார்க்கலாம். அதுவரை, மெதுவாகப் போங்கள், வீட்டில் காத்திருக்கிறார்கள்.